நூறு நானோமீட்டர் உருண்டைக்குள் ஒரு சாயம்

முனைவர் பட்டத்துக்கு என்ன ஆராய்ச்சி செய்தாய் என்று உறவினர்கள் கேட்டால், "சோப்புத் தண்ணியில கலரைக் கலந்து, லேசர் அடிச்சுப் பார்த்தேன்" என்று சொல்லி முடித்துவிடுவேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. பெரும்பாலானவர்கள் அதோடு விட்டுவிட்டுச் சம்பளம், கல்யாணம் என்று நகர்ந்துவிடுவார்கள். பெரியப்பா ஒருவர் மட்டும் விடவில்லை. "கலந்த கலர் உள்ள போய் என்னதான்டா பண்ணும்?" என்றார். "அது நாம எவ்வளவு நேரம் பார்க்கிறோம்கிறதைப் பொறுத்தது பெரியப்பா" என்றேன். தட்டிக்கழிக்கிறான் என்று நினைத்திருப்பார். ஆனால் என்னிடம் இருந்ததிலேயே நேர்மையான பதில் அதுதான். வெசிக்கிளுக்குள், அதாவது சோப்பு போன்ற மூலக்கூறுகள் கட்டும் நுண்ணிய உருண்டைக்குள், இருக்கும் சாய மூலக்கூறு ஒரே சமயத்தில் பல வேலைகளைச் செய்கிறது. ஒன்று பிக்கோ நொடிகளில் (நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு) முடிகிறது, ஒன்று மைக்ரோ நொடிகளில் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), இன்னொன்று மணிக்கணக்கில். ஒரு கடிகாரத்தில் பார்த்ததை இன்னொரு கடிகாரத்தின் கணக்கில் எழுதிவிடுவது இந்தத் துறையில் சர்வசாதாரணம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் வெசிக்கிள். சோப்பு போன்ற பொருள்களைச் சர்ஃபாக்டன்ட் என்போம். அதன் மூலக்கூறுக்குத் தண்ணீரோடு ஒட்டும் ஒரு தலையும், தண்ணீரிலிருந்து ஒதுங்கும் ஒரு வாலும் உண்டு. தண்ணீரில் போட்டால் வால்கள் ஒன்றுசேர்ந்து ஒளிந்துகொள்ளப் பார்க்கும். எந்த வடிவத்தில் ஒளியும் என்பதற்கு 1976ல் இஸ்ரேலாக்விலி, மிட்செல், நின்ஹாம் மூவரும் ஒரு எளிய கணக்குக் கொடுத்தார்கள். வாலின் கன அளவை எடுத்துக்கொள்ளுங்கள். தலை பிடிக்கும் பரப்பையும் வாலின் நீளத்தையும் பெருக்கி, அதால் வகுத்துவிடுங்கள். விடை மூன்றில் ஒன்றுக்குக் கீழே இருந்தால் மிசெல் என்ற குட்டி உருண்டை வரும். அரைக்கும் ஒன்றுக்கும் இடையில் இருந்தால், இரண்டு அடுக்குகள் வாலோடு வால் சேர்ந்து நின்று, வளைந்து, மூடிக்கொள்ளும். உள்ளே தண்ணீர், சுற்றிலும் 4 நானோமீட்டர் அளவில் ஒரு சுவர், வெளியே மறுபடி தண்ணீர். அதுதான் வெசிக்கிள்.

இப்படி ஒரு சுவரைக் கட்ட உயிரிலிருந்து எடுத்த பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புதான் வேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். 1977ல் ஜப்பானில் குனிடாகேயும் ஒகஹாடாவும் இரட்டை வால் உள்ள ஒரு செயற்கை அமோனியம் உப்பை மட்டும் வைத்தே வெசிக்கிள் செய்து காட்டினார்கள். அதே காலத்தில் பிரான்சின் லோரியால் நிறுவனம் மின்னூட்டமில்லாத சர்ஃபாக்டன்ட்டுகளால் செய்த நியோசோம்களை முகப்பூச்சுக்காக உருவாக்கிக்கொண்டிருந்தது. 1989ல் கேலரும் சகாக்களும் செய்தது எனக்கு இன்றும் வியப்பு. ஒற்றை வால் உள்ள நேர்மின் சர்ஃபாக்டன்ட்டையும் எதிர்மின் சர்ஃபாக்டன்ட்டையும் தண்ணீரில் சும்மா கலந்தார்கள்; வெசிக்கிள்கள் தாமாகவே உருவாயின. தனித்தனியாக மிசெல் மட்டுமே கட்டத் தெரிந்த இரண்டு மூலக்கூறுகள், தலைகள் ஈர்த்துக்கொள்வதால் ஜோடியாகச் சேர்ந்து இரட்டை வால் மூலக்கூறுபோல நடந்துகொள்கின்றன. இரண்டு தெளிந்த கரைசல்கள் கலந்ததும் லேசாக நீலம் பாரித்துக் கலங்கும். அந்த நீலம் வெசிக்கிள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. ஆய்வகத்தில் எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத காட்சி.

நாங்கள் அதிகம் செய்தது நியோசோம். ஸ்பான் 60 என்ற சர்ஃபாக்டன்ட்டையும் கொலஸ்ட்ராலையும் குளோரோஃபார்மில் கரைத்து, ரோட்டரி எவாப்பரேட்டரில் கரைப்பானை ஓட்டினால், குடுவையின் அடியில் ஒரு மெல்லிய படலம் நிற்கும். அதில் 60 டிகிரி சூட்டில் தண்ணீர் ஊற்றிச் சுழற்ற வேண்டும். சூடு குறைந்தால் ஸ்பான் 60ன் வால்கள் உறைந்த நிலையிலேயே இருந்து, படலம் கட்டி கட்டியாகப் பெயரும். அப்புறம் நூறு நானோமீட்டர் துளைகள் உள்ள பாலிகார்பனேட் தாளின் வழியே இரண்டு சிரிஞ்சுகளுக்கு நடுவே இப்படியும் அப்படியுமாகத் தள்ளுவது. எத்தனை முறை தள்ளினாலும் அது ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும். இரட்டைப்படையில் நிறுத்தினால் கரைசல் கிளம்பிய சிரிஞ்சுக்கே திரும்பிவிடும். வடிகட்டப்படாத பெரிய துண்டுகள் மிச்சம் இருப்பதும் அங்கேதான்.

சாயத்தைப் படலத்திலேயே சேர்க்கலாம், தண்ணீரோடும் சேர்க்கலாம். எப்படிச் சேர்த்தாலும் உள்ளே போகாத சாயம் வெளியே மிஞ்சும். அதைப் பிரிக்க செஃபடெக்ஸ் ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் விடுவோம். பெரிய வெசிக்கிள்கள் ஜெல் மணிகளின் துளைக்குள் நுழைய முடியாமல் முதலில் இறங்கிவிடும். தனிச் சாயம் ஒவ்வொரு துளையிலும் நுழைந்து நுழைந்து மெதுவாக வரும். ரோடமின் 6ஜி போட்டிருந்தால் இரண்டு ஆரஞ்சுப் பட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது கண்ணுக்கே தெரியும். கையுறை போட்டிருந்தாலும் எங்காவது ஒரு விரல் நுனியில் அந்தச் சாயம் ஏறிவிடும், சீக்கிரம் போகாது.

இனி சில எண்கள். நூறு நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு வெசிக்கிளின் இரண்டு அடுக்குகளிலும் சேர்த்து எண்பது, தொண்ணூறாயிரம் சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் இருக்கும். ஆயிரத்துக்கு ஒன்று என்று சாயம் சேர்த்தால் ஒரு வெசிக்கிளுக்கு எண்பது சொச்சம் சாய மூலக்கூறுகள்; சராசரியாக 25 நானோமீட்டருக்கு ஒன்று. உள்ளே இருக்கும் தண்ணீரில் மட்டும் கரைந்த சாயம், 10 மைக்ரோமோலார் அடர்த்தியில் இருந்தால், ஒரு வெசிக்கிளுக்கு வெறும் இரண்டு மூன்று மூலக்கூறுகள்தான். "வெசிக்கிளுக்குள் சாயம் நிரம்பியிருக்கிறது" என்று படிக்கும்போது மனதில் வரும் படத்தை இந்த எண்களோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

ஐம்பதுக்கு ஒன்று என்று தாராளமாகச் சாயம் போட்டால் என்ன ஆகும்? இடைவெளி 6 நானோமீட்டருக்கு வந்துவிடும். அந்தத் தூரத்தில் ஒரு ரோடமின் தான் உறிஞ்சிய ஆற்றலைப் பக்கத்து ரோடமினுக்குத் தள்ளிவிட முடியும். இது ஏன் தலைவலி என்பது அளக்கும் முறையைச் சொன்னால் புரியும்.

நாங்கள் அளப்பது சாய மூலக்கூறு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை. அதை நேரே யாரும் பார்க்க முடியாது. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, அதாவது முனைவாக்கிய ஒளியை, ஒரு கணம் பாய்ச்சுகிறோம். அந்தத் திசைக்கு இணையாகக் கிடக்கும் சாய மூலக்கூறுகள்தான் பெரும்பாலும் அதை உறிஞ்சும். அவை அசையாமல் இருந்தால், திரும்பி வரும் ஒளிர்வும் அதே தளத்தில் இருக்கும். சுழன்றுவிட்டால் திசை கலைந்துவிடும். இணையான தளத்தில் வரும் ஒளிர்விலிருந்து செங்குத்தான தளத்தில் வருவதைக் கழித்து, மொத்த ஒளிர்வால் வகுத்தால் கிடைப்பது அனைசோட்ரப்பி. கரைசலில் அது அதிகபட்சம் 0.4ல் தொடங்கும், மூலக்கூறுகள் சுழலச் சுழலச் சுழியை நோக்கி இறங்கும். இந்த இறக்கத்துக்கும் பாகுநிலைக்கும் (திரவம் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதற்கும்) உள்ள உறவை ஃபிரான்சிஸ் பெரான் 1926லேயே எழுதிவிட்டார். 1952ல் கிரெகோரியோ வெபர் அதைப் புரதங்களுக்குக் கொண்டுவந்தார்.

இன்று இதை ஒவ்வொரு ஃபோட்டானாக எண்ணி அளக்கிறோம். லேசர் துடிப்பு போனதிலிருந்து ஒரு ஃபோட்டான் வந்து சேர எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டு, அதை லட்சக்கணக்கான முறை செய்து வரைபடமாக்குவது. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நேஷனல் சென்டர் ஃபார் அல்ட்ராஃபாஸ்ட் ப்ராசஸஸ் இந்த மாதிரி அளவீடுகளுக்காகவே இருக்கும் இடம். இருட்டறையில் உட்கார்ந்து எண்ணிக்கை ஏறுவதையே பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. வெசிக்கிளில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. சிதறி வரும் லேசர் ஒளி முனைவாக்கம் கலையாமல் வரும். ஒளிர்வோடு அது துளி கலந்தாலும் சாயம் நகரவே இல்லை என்பதுபோல ஒரு பொய்யான உச்சத்தைத் தொடக்கத்தில் காட்டும். மிசெலில் பெரிதாகத் தெரியாத இந்தச் சிக்கல், நீலம் பாரித்த வெசிக்கிள் கரைசலில் நிஜமாகவே படுத்தும். நல்ல வடிகட்டி இல்லாமல் தொடங்கவே கூடாது.

ஆற்றலைத் தள்ளிவிடும் தலைவலி என்று சொன்னேன் அல்லவா? பக்கத்து மூலக்கூறு வேறு திசையில் கிடக்கும். ஆற்றல் அதற்குப் போய், ஒளிர்வு அதிலிருந்து வந்தால், யாரும் சுழலாமலேயே திசை கலைந்துவிடும். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். சாயத்தைக் குறைத்துப் பார்த்தும் அதே எண் வருகிறதா என்று சோதிக்காத ஒரு சுழற்சி நேரத்தை நான் நம்பமாட்டேன்.

சரி, எண்கள் வந்துவிட்டன. நீரில் ரோடமின் 6ஜி சில நூறு பிக்கோ நொடிக்குள் திசை மறந்துவிடுகிறது. வெசிக்கிளில் அப்படி ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. முதலில் ஒரு வேகமான இறக்கம், பின்பு சில நானோ நொடிகள் (ஒரு நானோ நொடி ஆயிரம் பிக்கோ நொடி) நீளும் ஒரு மந்தமான இறக்கம். இந்த இரண்டுக்கும் என்ன பொருள் என்பதில்தான் என் சண்டை.

மிசெல்களுக்கு இதற்கு ஒரு நல்ல விளக்கம் இருக்கிறது. 1993ல் குவிட்டேவிஸ், மார்கஸ், ஃபேயர் மூவரும் மிசெலில் இருக்கும் அயனிச் சாயங்களுக்கு அதை விரிவாகச் செய்தார்கள். சாயம் தான் இருக்கும் இடத்திலேயே ஒரு கூம்புக்குள் தள்ளாடுகிறது, இது வேகமானது. அதோடு மிசெலின் வளைந்த பரப்பில் ஊர்ந்து நகர்கிறது. மிசெலும் மொத்தமாக உருள்கிறது. இவை மந்தமானவை. 2 நானோமீட்டர் ஆரமுள்ள மிசெல் அறை வெப்பநிலைத் தண்ணீரில் உருண்டு திசை மாற ஏறத்தாழ 7 நானோ நொடி ஆகும். பரப்பில் ஊர்வதற்கும் அதே அளவு நேரம்தான். சாயத்தின் ஒளிர்வும் 4, 5 நானோ நொடி நீடிப்பதால் எல்லாமே அந்த ஜன்னலுக்குள் அகப்படுகின்றன. மிகப் பொருத்தமான மாதிரி.

இதே மாதிரியை அப்படியே தூக்கி வெசிக்கிளுக்குப் போட்டால்? நூறு நானோமீட்டர் வெசிக்கிளின் ஆரம் 50 நானோமீட்டர். உருளும் நேரம் கன அளவைப் பொறுத்தது. ஆரம் 25 மடங்கு என்றால் நேரம் பதினையாயிரம் மடங்குக்கு மேல். கணக்குப் போட்டால் 100 மைக்ரோ நொடியைத் தாண்டுகிறது. சாயத்தின் ஒளிர்வு அணையும் வரை பார்த்தால், வெசிக்கிள் அசையாமல் நிற்பதாகவே கொள்ளலாம். அப்படியானால் பரப்பில் ஊர்வது? ஒரு எறும்பு எலுமிச்சம்பழத்தைச் சுற்றி அடுத்த பக்கம் போவதும், அதே எறும்பு ஒரு நெல் களஞ்சியத்தைச் சுற்றி அடுத்த பக்கம் போவதும் ஒன்றா? அதிலும் மூலக்கூறு நேராக நடப்பதில்லை, கண்டபடி அலைகிறது. அதனால் நேரம் ஆரத்தின் வர்க்கத்தில் ஏறும். மென்படலத்தில் ஊர்வது தடையாகவும் இருக்கும். நொடிக்கு 10 சதுர மைக்ரோமீட்டர் என்று தாராளமான விரவல் வேகத்தை (இப்படி அலைந்து பரவும் வேகத்தை) எடுத்துக்கொண்டாலும், 50 நானோமீட்டர் ஆரத்தில் திசை மாற 40 மைக்ரோ நொடி ஆகிறது. நம்முடைய ஜன்னலோ 20, 30 நானோ நொடி. ஆயிரம் மடங்குக்கும் மேல் இடைவெளி.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் அபத்தம் இன்னும் பளிச்சென்று தெரியும். மந்தமான பகுதி 2 நானோ நொடி என்று அளந்தோம், அதைப் பரப்பில் ஊர்வதாக எடுத்துக்கொண்டோம், 50 நானோமீட்டர் ஆரத்தைப் போட்டோம் என்று வையுங்கள். விரவல் வேகம் நொடிக்கு 2 லட்சம் சதுர மைக்ரோமீட்டர் என்று வரும். ரோடமின் 6ஜி வெறும் தண்ணீரில், எந்தத் தடையும் இல்லாமல், 25 டிகிரியில் விரவும் வேகமே நொடிக்கு 414 தான். வால்கள் நெருக்கமாக நிற்கும் ஒரு சுவருக்குள் சாயம் தண்ணீரைவிட ஐந்நூறு மடங்கு வேகமாக ஓடுகிறதாம்!

எங்கள் கட்டுரை ஒன்றைப் பார்த்த ஒரு மதிப்பீட்டாளர், "பரப்பு விரவல் குணகத்தையும் அட்டவணையில் சேர்க்கவும்" என்று எழுதியிருந்தார். யார் என்று தெரியாது, தெரிந்தாலும் சொல்லப்போவதில்லை. மேலே போட்ட கணக்கை அப்படியே பதிலாக எழுதி அனுப்பினோம். அந்தக் கோரிக்கை மறு சுற்றில் காணாமல் போனது. நன்றியும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை. அப்படி ஒரு பத்தி அட்டவணையில் இருப்பது வழக்கம் என்பதால் மட்டும் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் அந்த இரண்டு, மூன்று நானோ நொடி எதனுடையது? இரண்டு பதில்கள் உண்டு. பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும்.

ஒன்று, சாயம் இருக்கும் இடத்திலேயே தடைபட்டுத் தடைபட்டுத் திரும்புவது. 1977ல் கினோசிடா, கவாடோ, இகேகாமி மூவரும் மென்படலத்துக்காகவே எழுதிய கூம்பு மாதிரி இதற்குச் சரியாக வரும். சாயம் ஒரு கூம்பின் எல்லைக்குள் மட்டுமே ஆட முடியும். எல்லையைத் தாண்ட முடியாததால் அனைசோட்ரப்பி சுழிக்கு வராமல் ஓர் உயரத்தில் நின்றுவிடும். நிற்கும் உயரம் தொடக்க உயரத்தில் பாதி என்றால் கூம்பின் அரைக்கோணம் 38 டிகிரி. எனக்குப் பிடித்த எண் இதுதான், ஏனென்றால் அது எதையும் கடன் வாங்கவில்லை. வால்கள் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதை நேரே சொல்கிறது. கொலஸ்ட்ரால் சேர்த்தால், தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கும் வால்களுக்கு இடையே அது போய் நிற்கும், கூம்பு சுருங்கும். உறைந்து கிடக்கும் வால்களுக்கு இடையே போனால் அதே கொலஸ்ட்ரால் அந்த ஒழுங்கைக் குலைத்துத் தளர்த்தும். "கொலஸ்ட்ரால் இறுக்கும்" என்று ஒற்றை வரியில் சொல்வது பாதி உண்மைதான்.

இரண்டாவது, எல்லாச் சாயமும் ஒரே இடத்தில் இல்லை. சில உள் தண்ணீரில், சில தலைகளுக்கு நடுவே, சில வால்களுக்கு உள்ளே. வேகமான பகுதி ஒரு கூட்டத்தினுடையது, மந்தமான பகுதி இன்னொரு கூட்டத்தினுடையது என்றும் இருக்கலாம். இதற்கு ஓர் அழகான அடையாளம் உண்டு. தண்ணீரில் சீக்கிரம் அணைந்து, ஈரடுக்குக்குள் நெடுநேரம் ஒளிரும் சாயமாக இருந்தால், அனைசோட்ரப்பி முதலில் இறங்கி, அப்புறம் மறுபடி ஏறும்! சுழன்று திசை கலைந்த ஒரு கூட்டம் மறுபடி வரிசைக்கு வர வழியே இல்லை. நடப்பது என்னவென்றால், வேகமாகச் சுழலும் கூட்டம் சீக்கிரம் அணைந்துவிடுகிறது. நேரம் போகப் போக மெதுவாகச் சுழலும் கூட்டத்தின் ஒளி மட்டும் மிஞ்சுகிறது. சராசரி மேலே போகிறது. முதன்முதலில் இந்த வளைவைத் திரையில் பார்க்கும் மாணவர்கள் கருவி கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள். எனக்கு அது கருவி தரும் மிக நேர்மையான செய்தி. சாயம் குறைந்தது இரண்டு இடங்களில் குடியிருக்கிறது என்று அது சந்தேகமில்லாமல் சொல்லிவிடுகிறது.

இதனால்தான் "மைக்ரோவிஸ்காசிட்டி" என்ற எண்ணின் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. டிபிஎச் போன்ற ஒரு சாயத்தின் சுழற்சியை அளந்து, அதே நேரம் எந்த எண்ணெயில் ஆகிறது என்று பார்த்து, மென்படலத்தின் பாகுநிலை இவ்வளவு என்று எழுதுவார்கள். பாகுநிலை என்ற கருத்து, சுழலும் பொருளைவிடச் சுற்றியுள்ள மூலக்கூறுகள் மிகச் சிறியவை என்ற நம்பிக்கையில் நிற்பது. இங்கே சாயமும் ஒரு நானோமீட்டர் சொச்சம், சுற்றி நிற்கும் வாலும் கிட்டத்தட்ட அதே அளவு. அதோடு எண்ணெயில் எல்லாத் திசையும் ஒன்று, ஈரடுக்கில் அப்படி இல்லை. ஒரே வெசிக்கிளை இரண்டு சாயங்களால் அளந்தால் இரண்டு பாகுநிலைகள் வரும். ஒப்பிடுவதற்குப் பயன்படும் எண், அவ்வளவுதான்.

தண்ணீரின் கதை தனி. கூமரின் 153 போன்ற சாயம் ஒளியை உறிஞ்சியதும் அதன் மின் இருமுனை (மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் பிரிந்து நிற்பது) சட்டென்று பெரிதாகிவிடும். சுற்றியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் அதற்கேற்பத் திரும்பி நிற்கும். அவை திரும்பத் திரும்ப ஒளிர்வின் நிறம் சிவப்பை நோக்கி நகரும். வெறும் தண்ணீரில் இது ஒரு பிக்கோ நொடிக்குள் முடிந்துவிடுகிறது. 1994ல் ஃபிளெமிங், மரோன்செல்லி குழுவினர் அதன் பெரும்பகுதி 100 ஃபெம்டோ நொடிக்கும், அதாவது பிக்கோ நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும், குறைவான நேரத்தில் நடப்பதைக் காட்டினார்கள். ஆனால் மிசெல், வெசிக்கிள் போன்றவற்றின் விளிம்பில் அகப்பட்ட தண்ணீருக்கு இதே வேலைக்கு நூற்றுக்கணக்கான பிக்கோ நொடிகள், சில சமயம் பல நானோ நொடிகள் பிடிக்கின்றன. கொல்கத்தாவின் இந்தியன் அசோசியேஷன் ஃபார் தி கல்டிவேஷன் ஆஃப் சயன்சில் கங்கன் பட்டாச்சார்யா குழு 1990களிலிருந்து இதைத் தொடர்ந்து அளந்தது. காரக்பூர் ஐஐடியில் நீல்மோனி சர்க்கார் குழு நியோசோம்களிலும் வேறு பல சர்ஃபாக்டன்ட் வெசிக்கிள்களிலும் சாயங்களின் சுழற்சியையும் இந்த நீரின் மந்தத்தையும் சேர்த்தே பார்த்தது. இந்தியாவில் இந்தத் துறைக்குள் நுழையும் எவரும் இந்த இரண்டு ஊர்களின் கட்டுரைகளைப் படிக்காமல் தப்பிக்க முடியாது.

இங்கேயும் கடிகாரச் சிக்கல் எட்டிப்பார்க்கிறது. நானோ நொடிகளில் நிறம் மாறினால், தண்ணீர் மெதுவாகத் திரும்புகிறதா, அல்லது இருமுனை பெருத்த சாயமே வால் பகுதியிலிருந்து தலைப்பகுதிக்கு நகர்ந்துவிட்டதா? அரை நானோமீட்டர், ஒரு நானோமீட்டர் நகர்வதற்குச் சில நானோ நொடிகள் போதும். இரண்டையும் பிரிக்க ஒரு வழி, சாயத்தைத் தூண்டும் நிறத்தை மாற்றிப் பார்ப்பது. உறிஞ்சலின் சிவப்பு விளிம்பில் தூண்டினால், தண்ணீர் அதிகமுள்ள இடத்தில் ஏற்கெனவே இருப்பவைதான் பெரும்பாலும் எழும். நீல விளிம்பில் தூண்டினால் உள்ளே புதைந்தவையும் சேரும். ஹைதராபாத்தின் உயிரியல் ஆய்வு நிறுவனமான சிசிஎம்பியில் அமிதாப சட்டோபாத்யாய் இந்தச் சிவப்பு விளிம்பு முறையை மென்படலங்களுக்கு நீண்ட காலம் பயன்படுத்தியிருக்கிறார். கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை, ஆனால் விலையுயர்ந்த புதிய கருவி எதுவும் வேண்டாம்.

இனி மெதுவான கடிகாரம். வெளியே இருக்கும் சாயம் சுவரைத் தாண்டி உள்ளே போக எவ்வளவு நேரமாகும்? இதை அளக்க எனக்குத் தெரிந்த மிகச் சாதுரியமான வழி 1998ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்ரீவத்சவாவும் ஐசென்தாலும் செய்தது. மலக்கைட் கிரீன் என்ற பச்சைச் சாயத்தை லிப்பிட் வெசிக்கிளோடு கலந்து, லேசர் பாய்ச்சி, பாதி அலைநீளத்தில் வரும் ஒளியை மட்டும் எடுத்தார்கள். இரண்டாம் ஹார்மோனிக் என்ற இந்த ஒளி, கண்டபடி சிதறிக் கிடக்கும் சாயத்திலிருந்து வராது. வரிசையாக ஒரே பக்கம் பார்த்து நிற்கும் சாயத்திலிருந்துதான் வரும். கலந்ததும் சாயம் வெசிக்கிளின் வெளிப்பரப்பில் போய் ஒட்டி வரிசை கட்டுகிறது. ஒளி சட்டென்று எழுகிறது. பிறகு சாயம் ஒவ்வொன்றாகச் சுவரைத் தாண்டி உள்பரப்பில் ஒட்டுகிறது. அங்கே அது எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். சுவரின் தடிமன் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்பதால், உள்ளே நிற்பதன் ஒளியும் வெளியே நிற்பதன் ஒளியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆக ஒளி மங்கும் வேகமே சாயம் தாண்டும் வேகம். அது பிக்கோ நொடியும் இல்லை, நானோ நொடியும் இல்லை. கைக்கடிகாரத்தில் பார்க்கக்கூடிய நொடிகள், நிமிடங்கள். பெரிய தலையைத் தூக்கிக்கொண்டு புரள வேண்டிய பாஸ்போலிப்பிட்டுக்கு இன்னும் மோசம். 1971ல் கோர்ன்பெர்க்கும் மெக்கானலும் அடையாளமிட்ட லிப்பிட்டுக்கு 30 டிகிரியில் ஆறரை மணி நேர அரை ஆயுளை அளந்தார்கள்.

கசிவை அளப்பது இதைவிட எளிது. கார்பாக்ஸிஃபுளோரசினை மிக நெருக்கமாக, லிட்டருக்குப் பத்தில் ஒரு மோல் அளவில் வெசிக்கிளுக்குள் அடைத்தால், அவை ஒன்றின் ஒளிர்வை ஒன்று அணைத்து மங்கிக் கிடக்கும். வெளியே கசிந்ததும் நீர்த்துப்போய்ப் பளீரென்று ஒளிரும். கடைசியில் டிரைட்டான் எக்ஸ்-100 ஊற்றி எல்லா வெசிக்கிளையும் உடைத்து நூறு சதவீதத்தைக் குறித்துக்கொள்வார்கள். ஒரு சர்ஃபாக்டன்ட் கட்டிய சுவரை இன்னொரு சர்ஃபாக்டன்ட் வந்து இடிக்கிறது. இஸ்ரேலாக்விலி கணக்கில் டிரைட்டான் மிசெல் பக்கம் நிற்கும் ஆள் என்பதுதான் காரணம்.

இதில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 2006ல் வந்த ஒரு முடிவு என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. நேர்மின், எதிர்மின் சர்ஃபாக்டன்ட் கலந்த வெசிக்கிளில், நேர்மின் கொஞ்சம் மிகுதியாக இருக்கும்படி செய்து, எதிர்மின் உள்ள கார்பாக்ஸிஃபுளோரசினைச் சேர்த்தார்கள். சாதாரண லிப்பிட் வெசிக்கிள் அதைச் சில நாட்களில் விட்டுவிட, இந்த வெசிக்கிள் மாதக்கணக்கில் பிடித்து வைத்திருந்தது. சுவர் அவ்வளவு உறுதி என்பதால் இல்லை. சாயம் உள் தண்ணீரில் மிதக்காமல், எதிரெதிர் மின்னூட்டத்தால் சுவரிலேயே ஒட்டிக்கொண்டது. எங்கே இருக்கிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு எவ்வளவு வேகம் என்று மட்டும் கேட்டிருந்தால் இது பிடிபட்டிருக்காது. மின்னூட்டத்தைத் திருப்பிப் போட்டு, எதிர்மின் மிகுந்த வெசிக்கிளில் ரோடமின் 6ஜியைச் சேர்த்தாலும் சாயம் இதேபோலத் தலைகளோடு ஒட்டிக்கொள்ளும்.

மருந்துத் துறைக்காரர்கள் இந்தச் சாய ஆராய்ச்சிகளை, மருந்து மூலக்கூறு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான ஒத்திகையாக அறிமுகப் பத்தியில் எப்போதும் சேர்த்துக்கொள்வார்கள். ஓரளவு நியாயம்தான். ஏனென்றால் டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தே செக்கச்செவேல் என்று ஒளிரும் ஒரு சாயம். அதை லிப்பிட் வெசிக்கிளுக்குள் அடைத்த டாக்ஸில் 1995ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அதன் வெற்றிக்குக் காரணம் அந்த மூலக்கூறு உள்ளே எப்படிச் சுழல்கிறது என்பது இல்லை. வெசிக்கிளுக்குள் முன்கூட்டியே அமோனியம் சல்ஃபேட்டை வைத்துவிடுகிறார்கள். மின்னூட்டமில்லாத நிலையில் சுவரைத் தாண்டி வரும் டாக்ஸோரூபிசின், உள்ளே மின்னூட்டம் பெற்று, சல்ஃபேட்டோடு சேர்ந்து ஊசி ஊசியாகப் படிந்துவிடுகிறது. படிந்த பிறகு அதன் ஒளிர்வும் பெரும்பகுதி அணைந்துவிடும். நானோ நொடி அனைசோட்ரப்பி அங்கே பார்ப்பது படியாமல் மிஞ்சிய சிறுபகுதியைத்தான். ரத்தத்தில் இரண்டு நாளைக்கும் மேல் சுற்றும் மருந்தின் போக்கை முடிவு செய்வது, அந்தப் படிவு எவ்வளவு மெதுவாகக் கரைகிறது, கரைந்தது எவ்வளவு மெதுவாகச் சுவரைத் தாண்டுகிறது என்ற இரண்டும்தான். அதை அளக்க லேசர் வேண்டாம். டயாலிசிஸ் பையும், மணிக்கொரு தடவை மாதிரி எடுக்க ஓர் ஆளும் போதும்.